தலையாட்டினேன்... கையெழுத்தாயிற்று!

என் வாழ்க்கையில் நான் கலந்துகொண்ட முதல் 'ஹை லெவல் மீட்டிங்' ஒரு தட்டு முந்திரிப் பருப்பில் ஆரம்பித்து, ஒரு ஜோடிக் கம்மலில் முடிந்தது. முந்திரி சாப்பிட்டது நான். கம்மல் அடகுக்குப் போனது வேறொருவர் வீட்டிலிருந்து.

2013 என்று ஞாபகம். பி.காம். முடித்துவிட்டு சென்னையில் ஒரு கம்பெனியின் கிளை ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்டாக இருந்தேன். அசிஸ்டென்ட் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வவுச்சர் ஒட்டுவது, பெட்டி கேஷ் எழுதுவது, பாங்க் கணக்கில் 18 ரூபாய் உதைத்தால் அந்த 18 ரூபாயைத் தேடி ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்திருப்பது... இதுதான் உத்தியோகம்.

ஒருநாள் பெங்களூரு தலைமை ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. 'சம்பள நடைமுறை பற்றி ஆலோசனைக் கூட்டம். ஒவ்வொரு கிளையிலிருந்தும் அக்கவுண்ட்ஸ் ஆள் ஒருவர் வரவும்.' கீழே தனியாக ஒரு வரி: 'மேனேஜர்கள் வரத் தேவையில்லை.'

எங்கள் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தார். 22 வருஷ சர்வீஸ். மேலிடத்தில் யார் எதைச் சொன்னாலும் "ஒரு நிமிஷம் சார்..." என்று ஆரம்பிப்பார். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதான் அவரைக் கூப்பிடவில்லை என்று ஆபீஸ் பூராவும் கிசுகிசுத்தது. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. போக வர பஸ் டிக்கெட், ஒருநாள் பேட்டா, போதாக்குறைக்குக் கல்யாணத்துக்கு எடுத்த புது சட்டையை (கல்யாணம் என் அக்காவுக்கு) போட்டுக்கொள்ள ஒரு சந்தர்ப்பம். விடுவேனா?

ஏ.சி. அறை. ஓவல் மேஜை. நடுவில் முந்திரி. என் வாழ்நாளில் கைக்கெட்டும் தூரத்தில் அவ்வளவு முந்திரியை, அதுவும் பாயசம் சுற்றாமல், நான் பார்த்ததில்லை. திரையில் ஏதேதோ கட்டம் கட்டமாக ஓடியது. இனி சம்பளம் 1-ம் தேதிக்குப் பதில் 10-ம் தேதி போடப்படும், எல்லாக் கிளைகளுக்கும் ஒரே நாள், கணக்குக்கு வசதி என்றார் ஒருவர். "யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்ல இருந்தது. ஆனால் வாயில் முந்திரி இருந்தது. தவிர, நான் யார்? வவுச்சர் ஒட்டுகிறவன். "கிளையில் கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை. தலையாட்டினேன். அது 'சரி' என்கிற ஆட்டல் இல்லை சார்... 'கேட்டுக்கிட்டேன்' என்கிற ஆட்டல். நம்ம ஊர்த் தலையாட்டலில் எட்டு வகை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். மினிட்ஸ் எழுதுகிறவருக்கு ஒரே வகைதான் தெரியும்.

மூன்று நாள் கழித்து வந்தது மினிட்ஸ். 'சென்னைக் கிளை சார்பில் ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று போட்டு, பக்கத்தில் என் பெயர்!

ஆபீஸில் நடந்த அர்ச்சனையை விட்டுவிடுகிறேன். ஆனால் டெஸ்பாட்ச் பிரிவில் ஒரு அண்ணன் இருந்தார். வீட்டு வாடகை 5-ம் தேதி, பெண்ணின் ஸ்கூல் ஃபீஸ் 5-ம் தேதி, சம்பளம் 10-ம் தேதி. அந்த மாதம் அவர் வீட்டு அண்ணியின் கம்மல் அடகுக்குப் போயிற்று. மனுஷர் திட்டவே இல்லை. டீக்கடையில் வைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, நீ அந்த ரூம்ல இருந்தியா?"

"இருந்தேண்ணே."

"அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

* * *

இந்தக் கதை எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது 2021 மே மாதம். ஊர் முழுக்க லாக்டவுன். வேலை வெட்டி இல்லாமல் டி.வி. செய்தியையே மூன்று வேளையும் மென்றுகொண்டிருந்த காலம். தமிழ்நாட்டில் புது ஆட்சி மே 7-ம் தேதி பதவியேற்றிருந்தது. சரியாகப் பத்தாவது நாள், மே 17-ம் தேதி, அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் ரமேஷ் போக்ரியால் வீடியோவில் ஒரு கூட்டம் நடத்தினார். கொரோனா காலப் படிப்பு, ஆன்லைன் வகுப்பு, அதோடு புதிய கல்விக் கொள்கையை அமல்படுத்துகிற வேலைகள். அழைப்பு யாருக்கு? மாநிலங்களின் கல்விச் செயலாளர்களுக்கு. கல்வி அமைச்சர்களுக்கு இல்லை!

அப்போது இங்கே பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி. 'அதிகாரிக்குப் பதில் நான் வருகிறேன்' என்று கேட்டு எழுதியதாகவும், பதில் வரவில்லை என்றும் சொன்னார். தமிழ்நாடு அந்தக் கூட்டத்தைப் புறக்கணித்தது.

வீட்டில் மாமனார், "இது என்னப்பா அல்ப சண்டை? மந்திரி போனா என்ன, செக்ரெட்டரி போனா என்ன, விஷயம் நடந்தா சரி" என்றார். அவர் ரிடையரான அரசு ஊழியர். ஃபைல் நகர்ந்தால் போதும், யார் நகர்த்தினால் என்ன என்கிற கட்சி.

எனக்கு மட்டும் முந்திரி தொண்டையில் அடைத்தது.

ஏன் என்று சொல்கிறேன். செயலாளர் என்பவர் லேசுப்பட்டவர் இல்லை. பெரிய பரீட்சை எழுதி, மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி, துறையை நகக்கண்ணில் வைத்திருப்பவர். எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை காலியிடம், எந்த ஊரில் எந்தக் கட்டடம் இடிந்து விழப் போகிறது என்பதெல்லாம் அமைச்சரைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கலாம். ஆனால் அவரால் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு. "எங்க மாநிலம் இதுக்குச் சம்மதிக்காது" என்று அவர் தன் இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது. சொல்லிவிட்டு வா என்று அனுப்பினால் சொல்லலாம். இல்லையென்றால், குறித்துக்கொண்டு வரலாம். என்னை மாதிரியே!

அமைச்சர் அப்படியில்லை. கெட்டிக்காரரோ இல்லையோ, அவர் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர். தப்பாகத் தலையாட்டினால் சட்டசபையில் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். அடுத்த தேர்தலில் நம் தெருவுக்கு வந்தாக வேண்டும். "அண்ணே, நீங்க அந்த ரூம்ல இருந்தீங்களா?" என்று நாம் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். செயலாளரை எந்தத் தெருவில் போய்க் கேட்பது?

பெண் வீட்டில் நிச்சயதார்த்தம் பேசும்போது பெண்ணின் அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, வீட்டுக் கணக்குப்பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டால் எப்படியிருக்கும்? சீர்வரிசைக் கணக்கு கணக்குப்பிள்ளைக்குத்தான் நன்றாகத் தெரியும், வாஸ்தவம். அதற்காக?

இதில் வேடிக்கை, அடுத்த ஆறாவது நாள் நடந்தது. மே 23-ம் தேதி இன்னொரு வீடியோ கூட்டம். பிளஸ் டூ பரீட்சை வைப்பதா, வேண்டாமா என்று. ராஜ்நாத் சிங் தலைமை. இந்தத் தடவை மாநிலக் கல்வி அமைச்சர்களுக்கும் அழைப்பு! பரீட்சையைத் தள்ளிவைத்தால் வீட்டுக்கு வீடு பெற்றோர் கேட்பார்கள். பதில் சொல்ல அமைச்சர் வேண்டும். கொள்கை என்றால் உடனே யாரும் கேட்கப் போவதில்லை. அதற்கு ஏன் அமைச்சர் என்று நினைத்தார்களோ என்னவோ... இது என் ஊகம்தான்.

* * *

இதற்கெல்லாம் ஆணிவேர் 1976-ல் இருக்கிறது. அதுவரை பள்ளிக்கூடம் மாநிலத்தின் வீட்டு விவகாரம். நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42-வது அரசியல் சட்டத் திருத்தம் அதைப் பொதுப் பட்டியலில் போட்டது. அதாவது ஜாயின்ட் அக்கவுண்ட்! பி.காம். படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஜாயின்ட் அக்கவுண்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். செக்கில் யார் கையெழுத்துப் போட வேண்டும்? இரண்டு பேருமா, யாராவது ஒருவரா? அது தெளிவாக இல்லாவிட்டால் அண்ணன் தம்பியே கோர்ட்டுக்குப் போவார்கள்.

போனார்கள்.

'பிஎம்ஸ்ரீ' பள்ளிகள் என்று ஒரு மத்தியத் திட்டம். அதில் சேர ஒப்பந்தம் போட்டால் புதிய கல்விக் கொள்கையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 2024 மார்ச் 15-ம் தேதி தமிழ்நாட்டின் அப்போதைய தலைமைச் செயலாளர் டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். மாநிலம் ஒப்பந்தம் போட ஆர்வமாக இருக்கிறது, பள்ளிக்கல்விச் செயலாளர் தலைமையில் ஒரு குழு போட்டிருக்கிறோம், அதன் பரிந்துரைப்படி அடுத்த கல்வியாண்டுக்குள் கையெழுத்தாகும் என்கிற மாதிரி. பிறகு மாநிலம் கையெழுத்துப் போடவில்லை. 2024-25க்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நின்றுபோயிற்று.

2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் ரகளை. 'ஒப்புக்கொண்டுவிட்டுப் பின்வாங்கினார்கள்' என்றார் மத்தியக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான். அந்தக் கடிதத்தையும் எல்லோரும் பார்க்க வெளியில் போட்டார். 'நாங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை, குழு பார்த்து முடிவு சொல்லும் என்றுதானே எழுதியிருந்தது' என்றது தமிழ்நாடு. அந்த மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தின் செய்தியைப் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. 'சென்னைக் கிளை சார்பில் ஒப்புக்கொள்ளப்பட்டது!' அதே கதை. ஒரு அதிகாரியின் தலை ஆடியிருக்கிறது. அது எந்த வகை ஆட்டல் என்பதில் இரண்டு அரசாங்கங்களுக்குத் தகராறு. நடுவில் அடகுக்குப் போனது சமக்ர சிக்ஷா பணம். வாத்தியார் சம்பளத்திலிருந்து சிறப்புக் குழந்தைகளுக்கான உதவி வரை அதற்குள் இருக்கிறது. முந்திரி சாப்பிட்டது ஒருவர், கம்மல் இன்னொருவருடையது.

* * *

இந்த இடத்தில் 'ஆகா, டெல்லிக்கு நல்லாக் கொடுத்தான்!' என்று நீங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டால், கொஞ்சம் இறக்குங்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற நியாயம் வேண்டாம். நம் வீட்டுக் கதவும் அப்படியொன்றும் திறந்து கிடக்கவில்லை.

1953-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாஜி முதலமைச்சர். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பாவின் தொழில் என்று ஒரு திட்டம். 'குலக்கல்வி' என்று இன்றைக்கும் திட்டு வாங்குகிறதே, அதேதான். அவர் நோக்கம் நல்லதா கெட்டதா என்று எழுபது வருஷமாகப் பட்டிமன்றம் நடக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு அணிக்கும் சண்டையில்லை. அதைக் கொண்டுவருவதற்கு முன் அவர் மந்திரிசபையைக் கலந்துகொள்ளவில்லை, சட்டசபையிடமும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய மூளை! ஆனால் கூட்டம் நடந்தது அந்த ஒரு மூளைக்குள்ளேயே. கடைசியில் தெருவெல்லாம் போராட்டம், சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு. 1954-ல் அவர் பதவி விலக, காமராஜர் வந்து முதல் வேலையாக அதைத் தூக்கிப்போட்டார். முன்னாலேயே நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தால் "ஒரு நிமிஷம் சார்..." என்று ஒருவராவது சொல்லியிருக்க மாட்டாரா?

சரி, அது பழங்கதை. சமீபத்துக்கு வாருங்கள். மாநிலத்துக்கென்று தனிக் கல்விக் கொள்கை எழுத 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் தலைமையில் குழு போட்டார்கள். 2023 மே மாதம் குழுவின் ஒருங்கிணைப்பாளராக இருந்த பேராசிரியர் ஜவகர் நேசன் விலகினார். குழு ரகசியமாக, ஜனநாயகமில்லாமல் நடக்கிறது, உயர் அதிகாரிகள் தலையிடுகிறார்கள் என்று காரணம் சொன்னார். தலைவர் மறுத்தார். 2024 ஜூலை 1-ம் தேதி அறிக்கை முதலமைச்சர் கைக்குப் போனது. புகைப்படத்தில் அட்டை அழகாக இருந்தது. அட்டைக்குள் என்ன இருந்தது என்று நமக்குத் தெரிய 2025 ஆகஸ்ட் வரை காத்திருந்தோம். அப்போதும் வெளிவந்தது பள்ளிக்கல்விக்கான கொள்கைதான்.

டெல்லியிலும் இதற்கு ஒரு அண்ணன் கதை உண்டு. 2016-ல் முன்னாள் கேபினட் செயலாளர் டி.எஸ்.ஆர்.சுப்ரமணியன் தலைமையில் ஒரு கல்விக் குழு அறிக்கை கொடுத்தது. அமைச்சகம் அதை வெளியிடாமலே வைத்திருந்தது. மனுஷர் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'நீங்கள் வெளியிடாவிட்டால் நானே வெளியிட்டுவிடுவேன்' என்று சொல்லும் அளவுக்குப் போனார். தன் வாழ்நாளெல்லாம் ரகசிய ஃபைல்களுக்குக் காவல் இருந்தவர்! அவருக்கே மூச்சு முட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

* * *

எல்லாக் கதவையும் திறந்து போடு என்று நான் சொல்லவில்லை. என் வீட்டு பட்ஜெட் கூட்டமே மூடிய அறையில்தான் நடக்கிறது. கதவைத் திறந்து வைத்தால் அம்மா ஒரு கட்சி, மாமனார் ஒரு கட்சி, நடுவில் குழந்தை சைக்கிள் கேட்டு ஒத்திவைப்புத் தீர்மானம்! நாலு பேர் மனம்விட்டுப் பேச மூடிய அறை தேவைப்படும். கேமரா இருந்தால் பேச்சு நின்று சொற்பொழிவு ஆரம்பித்துவிடும். இது எனக்கும் தெரியும்.

ராஜாஜி தனியாக முடிவெடுத்த அதே 1953-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. 'பிரவுன் ஆக்ட்' என்று பெயர். ஸ்கூல் போர்டு உட்பட உள்ளாட்சி அமைப்புகள் எதுவாக இருந்தாலும் கூட்டத்தைத் திறந்த கதவோடுதான் நடத்த வேண்டும். இன்றைய நிலையில், வழக்கமான கூட்டமென்றால் என்ன பேசப் போகிறோம் என்று 72 மணி நேரம் முன்னாலேயே ஒட்டிவிட வேண்டும். ஊழியர் விவகாரம், கோர்ட்டு வழக்கு மாதிரி சிலதுக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அதாவது, திறந்திருப்பது வழக்கம், சாத்துவது விதிவிலக்கு. நமக்கு இது தலைகீழ்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1997-லேயே தகவல் உரிமைக்கு மாநிலச் சட்டம் போட்டது தமிழ்நாடு. பிறகு 2005-ல் மத்தியச் சட்டம். அதன் 4-வது பிரிவை ஒரு தடவை படித்துப் பாருங்கள், சுவாரஸ்யமான கதை. ஒவ்வொரு அரசுத் துறையும் தன்னிடம் என்னென்ன குழு, வாரியம் இருக்கிறது, அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, கூட்டக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதைத் தானாகவே வெளியிட வேண்டும். நாம் 10 ரூபாய் கட்டி மனுப் போடுவதற்கு முன்னாலேயே! முக்கியமான கொள்கை வகுக்கும்போது அது சம்பந்தமான விவரங்களையும் வெளியில் சொல்ல வேண்டும். இவ்வளவும் எழுதியிருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய், என்ன செய்ய?

என் ஆசை ரொம்பச் சின்னது. கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளே, நாங்கள் கேள்வி கேட்கக்கூடிய ஒருத்தர் உட்கார்ந்திருக்கட்டும். அவர் வெளியே வந்ததும் என்ன சொன்னார், எதற்குத் தலையாட்டினார் என்று ஒரு பக்கக் குறிப்பு வெளியே வரட்டும். தலையாட்டலின் வகையையும் சேர்த்து எழுதினால் உத்தமம்.

* * *

இத்தனை வியாக்கியானம் செய்தவன் என்ன கிழித்தான் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

என் மகள் அரசு நடுநிலைப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அங்கே பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், கல்விக்காக அரசாங்கம் போடுகிற கூட்டங்களிலேயே நம்மை மாதிரி ஆசாமிகளுக்கு நாற்காலி போடுவது இங்கே ஒன்றில்தான். நானும் உறுப்பினர். நாமினேஷன், பிரசாரம் எதுவும் இல்லை. மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் கை காட்டிவிட்டார்கள்.

போன வருஷம் ஒரு மாதக் கூட்டம். ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினேன். அரை மணியில் திரும்ப வேண்டும். தலைமையாசிரியை நல்லவர். அவருக்கும் ஆயிரம் வேலை. தீர்மானப் பதிவேட்டை நீட்டினார். மேலே தேதி, கீழே பெயர்கள். நடுவில் முழுப் பக்கம் வெள்ளை.

"சார், கையெழுத்துப் போட்டுடுங்க. தீர்மானத்தை அப்புறம் நான் எழுதிக்கிறேன். வழக்கமா எழுதறதுதான்."

மேஜையில் முந்திரி கூட இல்லை. ஆளுக்கு ரெண்டு மேரி பிஸ்கெட், ஒரு டீ. போட்டுவிட்டேன் சார்! பத்துப் பன்னிரண்டு வருஷத்துப் பாடத்தை ஒரு டீயில் கரைத்துக் குடித்துவிட்டு, சுத்தமாகக் கையெழுத்துப் போட்டேன். தேதி வேறு!

பதிவேடு அடுத்த நாற்காலிக்குப் போயிற்று. அங்கே ஒரு அக்கா. வீட்டில் தையல் மிஷின் வைத்து பிளவுஸ் தைக்கிறவர். பேனாவைத் திறந்தார், மூடினார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இதுல என்ன எழுதப் போறீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா போட்டுடறேன்."

அறையே ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. தலைமையாசிரியைக்குச் சங்கடம். வந்திருக்கிற பணத்தில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறதா ஒரு யோசனை, அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள், அதான்... என்றார்.

"சுவரு அடுத்த வருஷம் பாத்துக்கலாம் டீச்சர். பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல. எம்பொண்ணு காலையில வீட்ல போறதோட சரி, நாலு மணிக்கு வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்கு. தண்ணியும் குடிக்க மாட்டேங்குது."

அவ்வளவுதான். பத்து நிமிஷம் பேசினோம். ஆளாளுக்குப் பேசினோம். தாழ்ப்பாள், இரண்டு கதவு, ஒரு குழாய் என்று அந்த வெள்ளைப் பக்கத்தில் எல்லோர் கண் முன்னாலும் தலைமையாசிரியையே எழுதினார். அவர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்த மாதிரி இருந்தது. அதிகாரி கேட்டால் காட்ட அவருக்கும் இப்போது ஒரு காகிதம் இருக்கிறதே!

எனக்கு ஒரு சந்தேகம் குடைந்தது. ராத்திரி மகளிடம் கேட்டேன். "ஏண்டா செல்லம், உங்க ஸ்கூல் பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லையா?"

"ஆமாம்ப்பா, ரொம்ப நாளா இல்ல."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்கதான் மீட்டிங்குக்குப் போறீங்களே... உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

டீக்கடையில் டெஸ்பாட்ச் அண்ணன் கேட்டது மறுபடி காதில் கேட்டது. அதே கேள்வி, குரல் மட்டும் சின்னது.

அடுத்த மாதக் கூட்டத்தில் பதிவேடு வந்தபோது, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. பக்கத்தில் அந்த அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மெதுவா படிங்க தம்பி. டீ ஆறினா வேற போட்டுத் தருவாங்க."